ஆளில்லா நிலத்தின் விலை

ஒகவாங்கோ டெல்டாவின் உட்பகுதியில், பெயர்பெற்ற ஒரு சஃபாரி முகாமில் ஓர் இரவு தங்க, ஜூலை முதல் அக்டோபர் வரையிலான உச்சப் பருவத்தில் ஆளொன்றுக்கு ஆயிரம் அமெரிக்க டாலர் கேட்பது சாதாரணம். இரண்டாயிரத்தைத் தாண்டுபவையும் உண்டு. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது மரப்பலகைத் தரையும் கித்தான் சுவரும் கொண்ட ஓர் அறை. தொலைக்காட்சி இருக்காது. பல முகாம்களில் செல்பேசி வேலை செய்யாது. முகாமைச் சுற்றி வேலி கிடையாது என்பதால், இருட்டிய பிறகு சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கூடாரத்துக்குத் தனியாக நடக்க விடமாட்டார்கள். ஊழியர் ஒருவர் டார்ச் விளக்கோடு கூடவே வருவார். கொண்டுபோகும் சாமான் 20 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதுவும் சிறு விமானத்தின் வயிற்றுக்குள் மடக்கித் திணிக்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். அழுக்குத் துணியை முகாமிலேயே துவைத்துக் கொடுத்துவிடுவார்கள். உள்ளாடையை மட்டும் உள்ளூர் வழக்கப்படி அவரவரே துவைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று குளியலறையில் சோப்புத்தூள் வைத்திருக்கும் முகாம்கள் பல.

இவ்வளவு பணத்தைக் கொடுத்து மனிதர்கள் வாங்குவது என்ன? விலங்குதான் என்றால் அதே சிங்கத்தையும் யானையையும் கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதைவிட மலிவாகப் பார்க்கலாம். போட்ஸ்வானாவில் விருந்தினர் காசு கொடுப்பது, கூடாரத்தைச் சுற்றிப் பல்லாயிரம் ஹெக்டேருக்கு வேறு மனிதரே இல்லாமல் இருப்பதற்கு. ஒரு சிறுத்தையைச் சுற்றி முப்பது வண்டிகள் மொய்க்காமல் இருப்பதற்கு. அந்த வெறுமை ஆதியிலிருந்தே அப்படி இருப்பது என்று பயண விளம்பரங்கள் சொல்லும். பாதிதான் உண்மை. ஒரு ஈ, சில கம்பிவேலிகள், ஓர் இனக்குழுத் தலைவியின் முடிவு, ஐரோப்பாவின் மாட்டிறைச்சி விதிகள், இடம் மாற்றப்பட்ட மக்கள், ஓர் அரசின் கணக்கு என்று பலதும் சேர்ந்து உண்டாக்கிய வெறுமை அது. போட்ஸ்வானாவின் தங்குமிடங்களைப் புரிந்துகொள்ள அந்நாட்டின் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டடத்தில் பார்க்க அதிகம் எதுவும் இல்லை.

சுமார் 5,81,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, கடல் இல்லாத நாடு. பிரான்ஸைவிடச் சற்றுப் பெரியது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 23 லட்சத்துக்குச் சற்று மேல். பெரும்பகுதி கலஹாரி மணல். அதைப் பாலைவனம் என்கிறார்கள். உண்மையில் முள்மரமும் புல்லும் உள்ள வறண்ட சமவெளி, மேற்பரப்பில் நீர் நிற்காது, அவ்வளவே. 1885இல் பெச்சுவானாலாந்து என்ற பெயரில் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. பத்தாண்டுக்குப் பின் செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் இந்த நிலத்தை ஒப்படைக்கும் பேச்சு எழுந்தபோது, மூன்றாம் காமா, முதலாம் பாத்தோயன், முதலாம் செபெலே என்ற மூன்று தலைவர்கள் கப்பலேறி லண்டனுக்கே போய் வாதாடித் தடுத்தார்கள். அப்படித் தடுக்காமல் போயிருந்தால் நிலம் வெள்ளைக் குடியேறிகளின் பண்ணைகளாகத் துண்டுபட்டிருக்கும். பக்கத்து ரொடீசியாவில் அதுதான் நடந்தது. இன்றும் நாட்டின் நிலத்தில் சுமார் 70 விழுக்காடு இனக்குழு நிலம். தனியார் பட்டா நிலம் மிகச் சொற்பம். சஃபாரி முகாம்களின் கதை இந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. காட்டுக்குள் முகாம் நடத்தும் கம்பெனிக்கு அந்த மண் சொந்தமில்லை. எல்லாம் குத்தகை.

பிரிட்டிஷார் இந்த நாட்டைப் பெரிதாக மதிக்கவில்லை. நிர்வாகத் தலைநகரையே நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபிகெங்கில் வைத்திருந்தார்கள். லண்டனில் சட்டம் படிக்கப் போன இளவரசர் செரெட்ஸே காமா 1948இல் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். நிறவெறிச் சட்டங்களை அடுக்கத் தொடங்கியிருந்த தென்னாப்பிரிக்காவின் மனம் கோணக்கூடாது என்று பிரிட்டன் அவரை நாட்டுக்குள் விடாமல் ஆறாண்டு நிறுத்திவைத்தது. அதே மனிதர் 1966 செப்டம்பர் 30 அன்று சுதந்திர நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார். மறுவருடமே ஒராபாவில் வைரம் இருப்பது தெரிந்தது. அது அவருடைய சொந்த இனக்குழுவின் எல்லைக்குள் வரும் இடம். ஆனால் 1967இன் கனிமச் சட்டம் நிலத்தடி வளத்தின் உரிமையை இனக்குழுக்களிடமிருந்து எடுத்து மொத்த நாட்டுக்கும் பொதுவாக்கியது. ஆப்பிரிக்கப் பொருளாதார வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள சட்டங்கள் குறைவு என்பது என் எண்ணம். டி பியர்ஸ் வைரக் கம்பெனியுடன் அரசு சரிபாதிப் பங்கில் நடத்தும் டெப்ஸ்வானா நிறுவனம் பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் கட்டக் காசு கொடுத்தது. சுற்றுலாவில் அவசரப்பட்டுக் காசு பார்க்க வேண்டிய நெருக்கடி நாட்டுக்கு இல்லாமல் போனதும் வைரத்தால்தான். இந்தச் செய்தி முக்கியம், பிறகு தேவைப்படும்.

இனி தண்ணீர்.

அங்கோலாவின் மத்திய மேட்டுநிலத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொட்டும் மழை குபாங்கோ, குயித்தோ என்ற இரு ஆறுகளாக இறங்கி, ஒன்றுசேர்ந்து, நமீபியாவின் ஒடுங்கிய வால்போன்ற நிலத்தைக் கடந்து மொஹெம்போ என்ற இடத்தில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. கடலுக்குப் போகும் வழி அதற்கு இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவின் தென்கோடி என்று கருதப்படும் நிலப்பிளவுகள் ஒரு தொட்டிபோல் தாழ்ந்த இடத்தில் ஆறு விசிறியாக விரிந்து மணலில் பரவுகிறது. 250 கிலோமீட்டர் நீளத்துக்கு மொத்தச் சரிவே சுமார் 60 மீட்டர்தான். ஆகவே வெள்ளம் ஓடுவதில்லை, ஊர்கிறது. ஏப்ரலில் மொஹெம்போவில் உச்சம் தொடும் நீர், டெல்டாவின் தென்கோடியில் இருக்கும் மவுன் நகரை எட்ட ஜூலையோ ஆகஸ்டோ ஆகிவிடும். அப்போது போட்ஸ்வானாவில் மழையே கிடையாது, கடும் வறட்சி. சுற்றிலும் நிலம் காய்ந்துகிடக்கும் மாதங்களில் நடுவே வெள்ளம் ஏறுகிறது. தாகமெடுத்த விலங்குகள் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து இங்கே வந்து கூடுவதும், முகாம்கள் அந்த மாதங்களுக்கு இரட்டிப்பு விலை வைப்பதும் இந்தக் கால முரணால்தான். வந்த நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஆவியாகியும், செடிகொடி வழியே உறிஞ்சப்பட்டும் காற்றில் கலந்துவிடுகிறது.

இவ்வளவு நீர் ஆவியானால் உப்பு எங்கே போகிறது? உப்பளமாகியிருக்க வேண்டிய இடம் எப்படி நன்னீர்ச் சதுப்பாக இருக்கிறது? ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழக நிலவியலாளர் டெரன்ஸ் மெக்கார்த்தியும் அவருடைய சகாக்களும் பல்லாண்டு ஆராய்ந்து சொன்ன விடை அழகானது. கரையான் புற்று எழுப்புகிறது. வெள்ளத்துக்கு மேல் தலைநீட்டும் அந்தப் புற்றின் மேல் பறவைகள் வந்து உட்கார்ந்து எச்சமிடுகின்றன. எச்சத்தோடு விழுந்த விதை முளைக்கிறது. மரங்கள் வேர்வழியே நன்னீரை இழுத்து வெளியேற்ற, கரைந்திருந்த தாது உப்பு தீவின் நடு மண்ணில் படிந்து தங்கிவிடுகிறது. தீவு மெல்ல அகலமாகும்போது நடுவில் எதுவும் முளைக்காத வெள்ளைத் திட்டு உண்டாகிறது. ஓரங்களில் மட்டும் காட்டத்தியும் பனையும் செழிக்கும். டெல்டாவின் உப்பை ஆயிரக்கணக்கான தீவுகள் இப்படித் தங்கள் வயிற்றில் பூட்டிவைத்திருப்பதால்தான் சுற்றியுள்ள நீர் குடிக்கத்தக்கதாக இருக்கிறது. பாப்பிரஸ் கோரை அடைத்த கால்வாய்களை நீர்யானைகள் நடந்து நடந்து திறந்துவைக்கின்றன. சஃபாரி முகாம் அமைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு தீவின் ஓரத்து மரநிழலில். முகாமின் மேடைக்கு அடித்தளம் போட்டது கரையான் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த நீர் ஏற்பாடு நிலையானதும் அல்ல. டெல்டாவுக்கு வடகிழக்கே சவுட்டி என்றொரு கால்வாய் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அது வற்றியது. பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் வெறும் மணல்தடம். அந்தத் தடத்தின் கரையில் முகாம்கள் நடந்தன. சிங்கங்களுக்கும் கழுதைப்புலிகளுக்கும் இடையிலான பகையைப் படமெடுத்துப் புகழ்பெற்ற டெரெக், பெவர்லி ஜூபர்ட் தம்பதி அங்கேதான் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார்கள். 2010ஐ ஒட்டிய பெருவெள்ள ஆண்டுகளில் கால்வாய் திடீரென்று மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆற்றங்கரை முகாம் என்று சொல்லி இடம் விற்பவர்கள் ஆறு இருக்கும் ஆண்டா இல்லாத ஆண்டா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஊர் அது.

யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக ஒகவாங்கோவை 2014இல் சேர்த்தது. பாதுகாப்பு அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, வேறொரு விதத்தில் தொடங்கிவிட்டது.

டெல்டா இருக்கும் நிலம் பட்டாவானா மக்களுடையது. 1960களின் தொடக்கத்தில் அவர்களின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி எலிசபெத் புலானே. வெளியிலிருந்து வந்த வேட்டைக்காரர்களாலும் உள்ளூர் வேட்டையாலும் விலங்குகள் வேகமாகக் குறைவதைப் பார்த்து, தங்கள் இனக்குழு நிலத்தின் ஒரு பகுதியை வேட்டையில்லா இடமாக அறிவிக்கும் முடிவு 1963இல் எடுக்கப்பட்டது. மொரேமி வனவிலங்குக் காப்பகம் அப்படிப் பிறந்தது. ஆப்பிரிக்காவில் காலனி அரசு ஆணையிடாமல், நிலத்துக்குரிய இனக்குழு தானாகவே ஒதுக்கிய முதல் காப்பகம் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைக்குரியதுதான். ஆனால் அந்த எல்லைக்குள் ஏற்கெனவே வேறு மனிதர்கள் இருந்தார்கள். ஆற்றையும் வேட்டையையும் நம்பி வாழ்ந்த சான் மக்கள் க்வாய் ஆற்றின் வடகரைக்கு நகர்த்தப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை. போட்ஸ்வானா பல்கலைக்கழக வரலாற்றாளர் மைட்சியோ போலானே இந்தக் கதையின் மறுபக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். தலைவர்களும் வெள்ளை வேட்டைக்காரர்களும் பேசி முடித்த ஓர் ஏற்பாட்டில், இனக்குழுப் படிநிலையின் அடிமட்டத்தில் இருந்தவர்களின் நிலம் காப்பகமானது. இன்று க்வாய் கிராமத்துக்குள் ஜீப்பில் போகும் பயணி பார்ப்பது அந்த வடகரையைத்தான்.

விலங்குகளுக்கு இன்னொரு காவலன் இருந்தது: செட்சி ஈ. இது கடித்தால் மனிதருக்குத் தூக்க நோய், மாட்டுக்கு நகானா நோய். டெல்டாவின் உட்புறத்தில் மாடு வளர்க்க முடியாமல் செய்தது இந்த ஈதான். மாடே செல்வமாக மதிக்கப்படும் ஒரு நாட்டில், புல்லும் நீரும் நிறைந்த நிலம் இவ்வளவு காலம் மேய்ச்சலுக்குப் போகாமல் தப்பியது வேறெப்படி? காலனி அரசு ஈயை ஒழிக்க முதலில் விலங்குகளைச் சுட்டது, மரங்களை வெட்டியது. பிறகு பூச்சிமருந்துக்கு மாறியது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் விமானத்திலிருந்து முறையாக மருந்து தெளித்தபின் டெல்டாவில் ஈ ஒழிந்தது. காவலன் போன பிறகு மாடு ஏன் உள்ளே நுழையவில்லை என்றால், அதற்குள் வேலி வந்திருந்தது.

வேலியின் கதை ஐரோப்பிய இறைச்சிச் சந்தையில் தொடங்குகிறது. போட்ஸ்வானாவின் மாட்டிறைச்சி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாக வேண்டுமென்றால் கோமாரி நோய் இல்லாத மந்தையிலிருந்து வர வேண்டும். ஆப்பிரிக்கக் காட்டெருமை அந்த நோய்க்கிருமியைச் சுமப்பது. ஆகவே எருமையையும் மாட்டையும் பிரிக்க நாடெங்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் கம்பிவேலி. 1958இல் போட்ட குக்கே வேலி, கலஹாரியின் வில்டபீஸ்ட் மந்தைகள் வறட்சியில் வடக்கே தண்ணீர் தேடிப் போகும் பழைய வழியை மறித்தது. வேலியோரம் அவை ஆயிரக்கணக்கில் செத்ததை மார்க் ஓவன்ஸ், டெலியா ஓவன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட நூலில் எழுதி உலகத்துக்குத் தெரிவித்தார்கள். வேலி என்றாலே காட்டுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடலாம், ஆனால் 1982இல் டெல்டாவின் தெற்கு விளிம்பில் போட்ட எருமை வேலி நேர் எதிராக வேலை செய்தது. எருமை வெளியே வராமல் தடுக்கப் போட்ட அது, மாடு உள்ளே போகாமல் தடுத்தது. வேலிக்கு ஒருபுறம் மேய்ந்து தேய்ந்த மண், மறுபுறம் இடுப்பளவு புல் என்று இருப்பது விமானத்திலிருந்தே தெரியும். ஐரோப்பியத் தட்டில் விழும் மாட்டிறைச்சித் துண்டுக்காகப் போட்ட கம்பிதான் ஐரோப்பியப் பயணி ரசிக்கும் காட்டைக் காத்தது. வேலிக்கு வெளியே இருந்தவர்களுக்கும் நிம்மதி கிடைத்துவிடவில்லை. 1995இல் மாட்டு நுரையீரல் நோய் பரவியபோது டெல்டா இருக்கும் மாவட்டத்தின் மாடுகளை, சுமார் 3,20,000, அரசு மறுவருடம் மொத்தமாகக் கொன்றது. ஒரே ஆண்டில் மாடற்றுப்போன குடும்பங்களுக்கு முகாம் வேலை கவர்ச்சியாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

முகாம்களின் தொடக்கம் வேட்டையில் இருக்கிறது. கென்யாவில் பெயரெடுத்த தொழில்முறை வேட்டைக்காரர் ஹாரி செல்பி 1960களில் பெச்சுவானாலாந்துக்கு வந்தார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் க்வாய் ஆற்றங்கரையில், சுடுவதற்கு வராமல் படமெடுக்க வரும் விருந்தினருக்கென்று ஒரு லாட்ஜ் தொடங்கினார். வடகிழக்கே சோபே தேசியப் பூங்காவுக்குள் 1970களின் தொடக்கத்தில் எழுந்த லாட்ஜில் தங்கியிருந்தபோதுதான் 1975 அக்டோபரில் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் இரண்டாம் முறையாகத் திருமணம் செய்துகொண்டார்கள். விளம்பரத்துக்கு அது போதும். அந்தத் திருமணம் ஓராண்டு தாக்குப்பிடிக்கவில்லை. அதைவிடக் குறிப்பிடத் தகுந்தது, அதே லாட்ஜில் இன்று வழிகாட்டிகள் அனைவரும் உள்ளூர்ப் பெண்கள் என்பதும், ஆற்றில் போகும் சில படகுகள் பல ஆண்டுகளாகவே சத்தமில்லாத மின்படகுகள் என்பதும்.

அரசு தன் கொள்கையை எழுத்தில் வைத்தது 1990இல். ஆள் குறைவு, வருமானம் அதிகம் என்பதே அதன் சாரம். கென்யாவின் பூங்காக்களில் வண்டி நெரிசலைப் பார்த்து எடுத்த பாடம் என்றும் சொல்வார்கள். வைரப்பணம் வந்துகொண்டிருந்ததால் இப்படிப் பொறுத்திருக்க நாட்டால் முடிந்தது. நாட்டின் 17 விழுக்காடு நிலம் தேசியப் பூங்காவும் காப்பகமும். அதைச் சுற்றி ஏறத்தாழ இன்னும் ஐந்திலொரு பங்கு வனவிலங்கு மேலாண்மைப் பகுதி. இந்த இரண்டாம் வகை நிலத்தை எண்ணிட்ட துண்டுகளாகப் பிரித்து, நில வாரியமோ கிராம அறக்கட்டளையோ பதினைந்தாண்டு போன்ற காலத்துக்கு ஒரே கம்பெனிக்குக் குத்தகை விடுகிறது. ஒரு துண்டில் எத்தனை முகாம், எத்தனை படுக்கை என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். பொதுவாக ஒரு முகாமில் எட்டிலிருந்து பன்னிரண்டு கூடாரம். காலி செய்யச் சொன்னால் தடயமில்லாமல் பிரித்தெடுக்கத்தக்கதாகக் கட்ட வேண்டும். கித்தானும் பலகையும் வெறும் அலங்கார ரசனை இல்லை.

பயணிக்கு இதில் ஒரு நடைமுறை வித்தியாசம் இருக்கிறது. மொரேமி போன்ற அரசுக் காப்பகத்துக்குள் வண்டி தடத்தைவிட்டு இறங்கக் கூடாது, இருட்டியபின் ஓடக் கூடாது. குத்தகை நிலத்தில் இரண்டும் செய்யலாம், நடந்தும் போகலாம். வேட்டையாடும் காட்டுநாய்க் கூட்டத்தைப் புதருக்குள் பின்தொடர்வதும், இரவில் விளக்கடித்துச் சிறுத்தையைத் தேடுவதும் அங்கேதான் நடக்கும். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இதற்கே. மிச்சம் போக்குவரத்துக்கு. வெள்ளக் காலத்தில் பல தீவுகளுக்குச் சாலையே இல்லை. மவுன் விமான நிலையத்திலிருந்து பன்னிரண்டு பேர் உட்காரும் செஸ்னா விமானங்கள் ஆளையும் காய்கறியையும் ஏற்றிக்கொண்டு மண் ஓடுபாதைகளில் இறங்கும். விமானம் இறங்குமுன் ஓடுபாதையில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கியை விரட்ட முகாம் வண்டி முன்கூட்டியே போய் நிற்கும். முன்பு டீசல் ஜெனரேட்டர் ஓடிய இடத்தில் இன்று பெரும்பாலும் சூரியத்தகடு. ஊழியர்கள் மூன்று மாதம் தொடர்ந்து முகாமில் இருந்துவிட்டு ஒரு மாதம் வீடு திரும்புவது பல இடங்களில் வழக்கம். குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த தாய்மார்கள்தான் அந்த அறைகளில் படுக்கை விரிக்கிறார்கள்.

காசு யாருக்குப் போகிறது? மவுனில் உள்ள ஒகவாங்கோ ஆய்வு நிலையத்தின் பேராசிரியர் ஜோசப் எம்பைவா இருபதாண்டுக்கு மேலாக இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். 2005இல் அவர் வெளியிட்ட ஆய்வு இந்த முகாம்களைச் சுற்றுவட்டாரத்தில் இருந்து துண்டிக்கப்பட்ட தனித்தீவுப் பொருளாதாரம் என்றது. முதலீடு வெளிநாட்டினருடையது, முன்பதிவும் பணமும் ஜோஹன்னஸ்பர்க்கிலோ லண்டனிலோ முடிந்துவிடுகிறது, மேலாளர் வெளியாள், மதுவும் உணவும் இறக்குமதி. உள்ளூருக்கு மிஞ்சுவது குறைந்த சம்பள வேலை. விருந்தினர் மவுன் நகரில் விமானம் மாறும் நேரம் தவிர ஒரு கடையில்கூட ஏறுவதில்லை. இந்த விமர்சனத்துக்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது; வழிகாட்டிகளும் மேலாளர்களும் இன்று பெரும்பாலும் போட்ஸ்வானாக்காரர்கள். உரிமை மாறியது குறைவு.

கிராம அறக்கட்டளைகள் இதற்கு ஒரு பதிலாக 1990களில் வந்தன. சங்குயோ, க்வாய் போன்ற ஊர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கம்பெனிகளுக்கு உள்குத்தகை விட்டு வருமானம் பார்த்தன. அதில் பெரும்பங்கு வேட்டையிலிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு யானையைச் சுட அமெரிக்கர் ஒருவர் கொடுக்கும் பணம், படமெடுப்பவர் பலர் கொடுப்பதற்குச் சமம். மேலும், வேட்டைக்குச் சிறுத்தையும் நதியும் நிறைந்த அழகிய நிலம் தேவையில்லை; எந்தப் படப்பயணியும் எட்டிப்பார்க்காத வறண்ட முட்காடு போதும். 2014 ஜனவரியில் குடியரசுத் தலைவர் இயன் காமா வேட்டையைத் தடை செய்தபோது உலகம் கைதட்டியது. சங்குயோவில் வேலை போனது, அறக்கட்டளைக்கு வருமானம் சுருங்கியது, ஊருக்கு வந்துகொண்டிருந்த இறைச்சி நின்றது. 2019 மே மாதம் அவருக்குப் பின்வந்த மோக்வீட்சி மசிசி தடையை நீக்கினார். உலகம் திட்டியது. போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள் இருக்கின்றன. எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. டெல்டாவின் கழுத்துப்பகுதிக்குக் கிழக்கே உள்ள செரோங்கா பக்கத்துக் கிராமங்களில் மனிதர் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ ஈடாக யானைகள் நடமாடுகின்றன. சோளக்கொல்லை ஓரிரவில் போய்விடும், பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்கு உயிராபத்து. 2024இல் வேட்டைப்பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஜெர்மனி யோசித்தபோது, 20,000 யானைகளை அனுப்புகிறேன், நீங்கள் கூட வாழ்ந்து பாருங்கள் என்று மசிசி சொன்னார். பேச்சில் நாடகம் இருந்தது. எரிச்சல் நாடகமில்லை.

வெறுமைக்கு மிக அதிக விலை கொடுத்தவர்கள் நாட்டின் நடுவே இருக்கிறார்கள். 1961இல் உருவாக்கிய மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகம் சுமார் 52,800 சதுர கிலோமீட்டர். அங்கே வாழ்ந்த சான் மக்கள் தங்கள் வாழ்முறையைத் தொடரட்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. 1997இலும் 2002இலும் அரசு அவர்களை வெளியே குடியமர்த்தியது. ஆழ்துளைக் கிணற்றை அடைத்தது. வழக்கு நான்காண்டு நடந்தது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், வெளியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மையில் ஒருவர் யூனிட்டி டவ். நாட்டின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதி, நாவலாசிரியரும்கூட. ஆனாலும் சேவைகளைத் திரும்பத் தரும் கடமை அரசுக்கு இல்லை என்றும் நீதிமன்றம் கூறிவிட்டதால் தண்ணீர் வரவில்லை. அந்த இடைக்காலத்தில் அதே காப்பகத்துக்குள் நீச்சல் குளத்தோடு ஒரு சொகுசு முகாம் திறந்தது. பழைய கிணற்றைத் திறந்துகொள்ளும் உரிமைக்கே மக்கள் மறுபடி வழக்காடி, 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் வென்றார்கள். 2014இல் அதே எல்லைக்குள் ஒரு வைரச்சுரங்கம் திறந்தது. வனவிலங்குக்காக வெளியேற்றினோம் என்ற வாதத்தின் கனம் என்ன என்பதை வாசகரே எடைபோடலாம். சொந்தக் குடிகளின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வைரப்பணத்தைச் செலவிட்ட, ஆப்பிரிக்காவின் ஒழுங்கான ஜனநாயகம் என்று பெயர்பெற்ற அரசுதான் இதையும் செய்தது.

இவ்வளவும் தெரிந்தபின் அங்கே போக வேண்டுமா என்று கேட்டால், போகலாம் என்பேன். ஆனால் போகும் வழி ஒன்றல்ல. மொரேமிக்குள் மூன்றாம் பாலம், ஷகானஷா, தெற்கு வாயில் போன்ற இடங்களில் கூடாரமடிக்கும் பொதுத் திடல்கள் உண்டு. கூரைமேல் கூடாரம் மடக்கிவைத்த நான்கு சக்கர இயக்க வண்டியை வாடகைக்கு எடுத்து ஆப்பிரிக்கக் குடும்பங்களே பல இப்படித்தான் வருகின்றன. மரக்கட்டைகளை அடுக்கிய பாலம், அடுத்த திடலில் அடுப்பு மூட்டும் புகை, குரங்கு திருடிய ரொட்டி என்று சொகுசு முகாமில் கிடைக்காத சிலதும் அங்கே கிடைக்கும். மவுனுக்கு அருகே உள்ள ஊர்களின் அறக்கட்டளை நடத்தும் மொகோரோ பயணத்தில், ஒற்றைக் கட்டையில் குடைந்த பழைய ஓடத்தின் வடிவில் இன்று கண்ணாடியிழையால் செய்த ஓடத்தை ஊர்க்காரரே கோல் ஊன்றிச் செலுத்துவார். அந்தக் கட்டணம் லண்டன் போவதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை மழைப்பருவத்தில் பெரிய முகாம்களும் விலையைக் குறைக்கும். விலங்கு சிதறிப்போயிருக்கும், ஆனால் பறவைக்கும் குட்டி ஈனும் மான்களுக்கும் அதுவே காலம். ஒரே ஒரு எச்சரிக்கை: சோபே ஆற்றோரம் வேறு உலகம். விக்டோரியா அருவியிலிருந்து ஒருநாள் பயணமாக வருவோர், காசானே நகர ஓட்டல்கள், மிதக்கும் படகுவீடுகள் எல்லாம் சேர்ந்து, மாலையில் யானை நீர் குடிக்க இறங்கும் கரையில் படகு நெரிசல். கொள்கை எட்டாத இடம் போட்ஸ்வானாவிலும் உண்டு.

கொள்கையே எவ்வளவு காலம் தாங்கும் என்பது வேறு இரு இடங்களில் தீர்மானமாகும். ஒன்று, வைரச் சந்தை. ஆய்வகத்தில் தயாராகும் வைரம் விலையைக் கீழே இழுக்க, 2024இல் நாட்டின் பொருளாதாரம் சுமார் 3 விழுக்காடு சுருங்கியது. அந்த ஆண்டு தேர்தலில், சுதந்திரம் முதல் ஆண்ட கட்சி முதன்முறையாகத் தோற்று, டூமா போகோ குடியரசுத் தலைவரானார். ஆள் குறைவு என்ற பொறுமைக்கு இதுவரை காசு கொடுத்தது வைரம். அது கொடுக்க முடியாதபோது, அடுத்த முறை குத்தகைகள் புதுப்பிக்க வரும்போது படுக்கை எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி நிதியமைச்சகம் கேட்கும் என்பதே என் ஊகம். மற்றது அங்கோலா. 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரும் அது விட்டுச்சென்ற கண்ணிவெடிகளும் குபாங்கோ, குயித்தோ ஆறுகளின் தலைப்பகுதியை அணையும் பாசனமும் இல்லாமல் அப்படியே வைத்திருந்தன. இப்போது கண்ணிவெடி அகற்றப்படுகிறது. அந்த மக்களும் வயலுக்கு நீரும் மின்சாரமும் கேட்பார்கள், கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. நடுவில் நமீபியாவின் காவாங்கோ பகுதியில் ஒரு கனடிய நிறுவனம் எண்ணெய் தேடித் துளையிடத் தொடங்கியது 2021 வாக்கில். மூன்று நாடுகளும் 1994இல் அமைத்த ஆற்றுநீர் ஆணையம் இருக்கிறது, கூடிப் பேசுகிறது. யாருக்கு எவ்வளவு நீர் என்று பங்கு பிரிக்கும் ஒப்பந்தம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.